அரங்கத் தீவில் அரை நாள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஆற்றுத்தீவு ஸ்ரீரங்கம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தெற்கே போவது காவிரி என்ற பெயரையே வைத்துக்கொள்கிறது. கிழக்கே கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. இந்த இடைப்பட்ட நிலத்தில் திருவரங்கம், திருவானைக்காவல் என்று இரண்டு பெருங்கோயில்கள், அவற்றைச் சுற்றிய வீதிகள், கடைகள், வாழையும் நெல்லும் விளையும் வயல்கள் இருக்கின்றன.

கரீபியன் கடல் தீவுகளுக்கு உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்குக் கரையில் கிடைப்பது பல நேரம் அரை நாள்தான். கப்பல் கிளம்புவதற்குள் ஊரையும் பார்க்க வேண்டும், கடைவீதிக்கும் போய்வர வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அந்தக் கணக்கைக் கோயில் நடை வைத்துக்கொள்கிறது. எப்போது திறக்கும், எப்போது சாத்தும் என்று தெரிந்து புறப்பட்டால் ஒரு காலைப்பொழுதுக்குள் இரண்டு கோயிலும் பார்க்கலாம். கை நிறைய வாங்கியும் திரும்பலாம்.

இந்தப் பயணத்தைத் தொட்டியத்திலிருந்து தொடங்குவோம். அங்கிருந்து தீவுக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். நாமக்கல்லிலிருந்து திருச்சி போகும் பஸ்கள் தொட்டியம் வழியாகத்தான் வருகின்றன. விடியலில் 5 மணியை ஒட்டி ஏறினால், சாலை நெடுகக் காவிரியின் வடகரையோடு ஒன்றரை மணி நேரப் பயணம். ஊரை விட்டதும் இரு பக்கமும் பூவன், ரஸ்தாளி, நேந்திரன் என்று வாழைத் தோப்புகள். முசிறிக்குச் சற்று முன்னால் இடப்புறம் திருவீங்கோய்மலை. அக்கரையில் குளித்தலைக் கடம்பர் கோயிலில் காலையும், ஐயர்மலையில் உச்சிவேளையும், திருவீங்கோய்மலையில் அந்தியும் கும்பிடுவது இப்பகுதியின் பழைய வழக்கம். முசிறியைக் கடந்தால் குணசீலம். மனநோய் தீர வேண்டி வருவோர் 48 நாள் தங்கி வழிபடும் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில் அங்கே இருக்கிறது.

குணசீலத்துக்குக் கிழக்கே வாத்தலை. பஸ்ஸின் வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தவருக்கு முக்கொம்பு மேலணை இருக்கும் பக்கம் தெரியும். 1836-இல் ஆர்தர் காட்டன் இந்த அணையைக் கட்டத் தொடங்கினார். அதற்கு முன்னால் கொள்ளிடம் தாழ்ந்த படுகையில் தண்ணீரை இழுத்துக்கொண்டு போக, காவிரிக் கிளை மணல் மேடிட்டுத் தூர்ந்து வந்தது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. அணை அந்தப் பங்கீட்டைச் சரிசெய்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கத்துப் பழைய மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. பிறகு அதனருகே புதிய கதவணை கட்டப்பட்டது. தொட்டியத்தைத் தாண்டி வந்த தண்ணீர் எந்தக் கரைக்கு எவ்வளவு என்று முடிவாவது இந்த இடத்தில்தான். இதற்கு மேல் சாலையோடு வருவது கொள்ளிடம்.

நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் தெற்கே திரும்பிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறுகிறது. பாலம் இறங்கினால் தீவு. முதல் நிறுத்தம் திருவானைக்காவல். அதைத் தாண்டி, காவிரிப் பாலத்துக்கு முன்னால் மாம்பழச்சாலை. ஸ்ரீரங்கம் போகிறவர் மாம்பழச்சாலையில் இறங்குவது நல்லது. அங்கிருந்து அம்மாமண்டபம் சாலை மேற்கே போகிறது. திருச்சியிலிருந்து ராஜகோபுரம் வரை ஓடும் ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸும் இந்த வழியாகத்தான் வரும்.

அம்மாமண்டபம் காவிரியின் படித்துறை. காலை 7 மணிக்கே அங்கே கூட்டம் இருக்கும். படியில் குளிப்பவர்கள், ஈரத்துணியோடு தர்ப்பணம் செய்பவர்கள், பிண்டத்துக்குக் காத்திருக்கும் காக்கைகள், எள்ளும் தர்ப்பையும் விற்பவர்கள். ஆடி அமாவாசையிலும் ஆடிப்பெருக்கிலும் கால் வைக்க இடம் இருக்காது. ஆடி மாதத்தில் திருவரங்கக் கோயிலின் உற்சவரான நம்பெருமாள் இங்கே எழுந்தருளி, பட்டுப்புடவையும் மாலையும் மங்கலப் பொருள்களும் காவிரிக்குச் சீராகத் தருகிறார். கோயிலுக்குத் தண்ணீர் போவதிலும் இரண்டு ஆறுகளுக்கும் பங்கு உண்டு. ஐப்பசி மாதம் மட்டும் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் தீர்த்தம் வருகிறது. மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வருகிறது.

படித்துறையிலிருந்து வடக்கே நடந்தால் ராஜகோபுரம். 13 நிலை, 236 அடி. விஜயநகர அரசர் அச்சுதராயர் காலத்தில் நின்றுபோன வேலை இது. அடிப்பகுதி மட்டும் எழும்பி, நானூறு ஆண்டுக்கு மேல் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அகோபில மடத்தின் 44-ஆம் ஜீயர் முன்னின்று நடத்திய திருப்பணியில் 1987-இல் நிறைவு பெற்றுக் குடமுழுக்கு நடந்தது. கோபுரத்தின் கீழ்க் கருங்கல்லுக்கும் அதற்கு மேல் எழும் நிலைகளுக்கும் இடையே அந்த நானூறு ஆண்டு இருக்கிறது.

ராஜகோபுரத்துக்குள் நுழைந்தவர் கோயிலுக்குள் வந்துவிட்டார் என்றும் சொல்லலாம், ஊருக்குள் வந்துவிட்டார் என்றும் சொல்லலாம். 156 ஏக்கர் பரப்பில் ஏழு மதில்கள். மதிலுக்கு மதில் கோபுரங்கள், மொத்தம் 21. வெளிச்சுற்றுகளான அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்திர வீதி ஆகியவற்றில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். தேர் ஓடும் வீதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். தெற்கு வாசலிலிருந்து சன்னதி நோக்கிப் போகும் ஒரே நேர்வழியின் இரு மருங்கும் கடைகள்தான். ஆகவே இங்கே கோயிலுக்குப் போகும் வழியும் கடைவீதியும் வேறுவேறு இல்லை.

விடியலில் விசுவரூப சேவை. பசுவும் யானையும் முன்னால் நிற்க, திரை விலகுகிறது. வெளியூரிலிருந்து அந்த நேரத்துக்கு வந்து சேர்வது கடினம். அது முடிந்து பூஜை நடக்கும் வேளையில் சன்னதி மூடியிருக்கும்; பொது தரிசனம் 9 மணியை ஒட்டித் தொடங்கும். இந்த இடைவேளைதான் காபிக்கும் பூவுக்கும் உரியது. சித்திரை வீதிப் பக்கச் சிறு கிளப்புக் கடைகளில் பித்தளை டபராவில் டிகாக்‌ஷன் காபியும் இட்லியும் பொங்கலும் கிடைக்கும். பூ வாங்குவதென்றால் சாத்தார வீதிப் பூச்சந்தை.

சந்தையில் பூ இரண்டு விதமாக விலை போகிறது. உதிரியாக வாங்கினால் எடை. தொடுத்ததை வாங்கினால் முழம். சம்பங்கி, செவ்வந்தி, அரளி, மல்லிகை குவியலாகக் கிடக்க, துளசியும் மருக்கொழுந்தும் கட்டாக இருக்கும். பூக்கட்டுகிறவர் பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சட்டி. அதில் ஊறும் வாழைநார். நாரை நகத்தால் கீறி நூல்போல் பிரித்து, இரண்டு பூ இப்பக்கம், இரண்டு பூ அப்பக்கம் வைத்து ஒரு சுற்று, ஒரு முடிச்சு. நூலில் கட்டினால் காம்பு அறுபடும். ஈரநார் காம்பை இறுக்காமல் பிடித்துக்கொள்ளும், பூவும் சீக்கிரம் வாடாது. குலை வெட்டிய பிறகு தோப்பில் எஞ்சும் மரத்தின் மட்டையை உரித்துக் காயவைத்தால் கிடைப்பது இந்த நார். தொட்டியத்துக்காரர் கண்ணுக்கு இது ஊர்ச் சரக்கு.

உள்ளே, மூலவர் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். இலங்கைக்குப் போன விபீஷணனைப் பார்த்தபடி கிடப்பதாகத் தலபுராணம் சொல்கிறது. திருமேனி சுதையால் ஆனது. தைலக்காப்புதான் உண்டு, அபிஷேகம் கிடையாது. 108 திவ்யதேசங்களில் இது முதலாவது. அரை நாள் பயணி தவறவிடக் கூடாதவை இன்னும் சில. ராமானுஜர் சன்னதியில் அவருடைய திருமேனியே இருக்கிறது என்பது கோயில் மரபு. அதைத் தானான திருமேனி என்கிறார்கள். துலுக்க நாச்சியாருக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் ராமாயணம் அரங்கேறியதாகச் சொல்லப்படும் மண்டபம். கிழக்கே வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் ஆயிரங்கால் மண்டபம்; அதில் உள்ள தூண்கள் 953. அதற்கு எதிரே சேஷராயர் மண்டபம்.

சேஷராயர் மண்டபத்துத் தூண்களின் முன் நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி எழும் குதிரை, அதன்மேல் வேல் ஏந்திய வீரன், குதிரையின் காலடியில் பாயும் புலி. சேணத்தின் பட்டையும் வீரனின் இடுப்புக் கச்சையும்கூடக் கல்லிலே தனித்தனியாகத் தெரியும். இந்தக் கோயில் படையெடுப்புகளையும் பார்த்திருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் டெல்லிப் படைகள் வந்தபோது உற்சவர் ஊர் ஊராக மறைத்துக் கொண்டுபோகப்பட்டு, 1371-இல் திரும்பினார். கர்நாடகப் போரில் இந்தத் தீவில் அடைபட்ட பிரெஞ்சுப் படை 1752-இல் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அண்மைத் திருப்பணிக்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

பத்தரை மணியை ஒட்டி வெளியே வந்தால் கடைகளுக்கு ஒரு மணி நேரம் இருக்கும். ரங்கா ரங்கா கோபுர வாசலிலிருந்து ராஜகோபுரம் வரை திருமண், ஸ்ரீசூர்ணம், துளசிமணி மாலை, பெருமாள் படம், பஞ்சாங்கம், கண்ணாடி வளையல், மரச் சொப்பு என்று வரிசை. பெரிய கொள்முதல் என்றால் பித்தளைதான். குத்துவிளக்கு எடைக்குத்தான் விலை. விளக்கின் அடி, தண்டு, அகல், உச்சியில் நிற்கும் அன்னம் அல்லது சங்குசக்கரம் எல்லாம் மரையில் கழற்றி மாட்டுகிறவை. விவரம் தெரிந்தவர் கடைக்காரர் எடுத்துவைத்ததும் விலை கேட்பதில்லை. தரையில் நிறுத்தி ஆடுகிறதா என்று பார்ப்பார். மரையைக் கழற்றித் திரும்ப முடுக்குவார். அகலின் விளிம்பை விரலால் தடவுவார். பிறகுதான் தராசு. பழைய பித்தளை கொண்டுவந்தால் எடை கழித்துக்கொள்வார்கள்.

சீர்ப் பாத்திரமானால் பெயர் வெட்ட வேண்டும். முன்பு சிறு உளியும் சுத்தியும் கொண்டு புள்ளி புள்ளியாக வெட்டுவார்கள். இன்று கைக்குள் அடங்கும் மின் கருவி அதைச் செய்கிறது. தருகிறவர் பெயரின் முதலெழுத்து, பெறுகிறவர் பெயர், தேதி. ஒரு குடத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. வெட்டிய பிறகு மாற்றித் தரமாட்டார்கள் என்பதால், எழுத்துக் கூட்டைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது வழக்கம்.

பதினொன்றரை மணிக்குள் திருவானைக்காவல் புறப்பட வேண்டும். ஷேர் ஆட்டோவிலோ டவுன் பஸ்ஸிலோ பத்து நிமிடம். பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த்தலம். ஜம்புகேசுவரர் கருவறையில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். சிலந்தியும் யானையும் இங்கே சிவனைப் பூசித்துச் சண்டையிட்டன என்றும், சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை நுழைய முடியாத கோயில் கட்டியது என்றும் கதை. கருவறை வாசல் நாலடி உயரம்தான். குனிந்து போக வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்பது துளையுள்ள கல் ஜன்னல் இருக்கிறது. உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்திக் கிரீடம் வைத்து, அம்மன் சன்னதியிலிருந்து மேளத்தோடு சுவாமி சன்னதிக்கு வந்து பூசை செய்வார், கோபூசையும் நடக்கும். அகிலாண்டேசுவரியே சிவனைப் பூசிப்பதாக ஐதீகம். அம்மன் காதில் உள்ள தாடங்கம் ஆதிசங்கரர் அணிவித்தது என்பார்கள். விஞ்ஞானி சி.வி. ராமன் 1888-இல் பிறந்த ஊரும் இதுவே.

ஒரு மணியை ஒட்டி நடை சாத்துகிறார்கள். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய மார்கழி நாட்களிலும் சித்திரைத் தேரின்போதும் இந்த நேரக் கணக்கு செல்லாது. வரிசையிலேயே அரை நாள் போய்விடும். மற்ற நாட்களில் மதியச் சாப்பாடு முடித்து டிரங்க் ரோடு நிறுத்தத்துக்கு வந்தால் முசிறி, நாமக்கல் பஸ் கிடைக்கும். பித்தளைச் சாமானைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். பூப்பொட்டலத்தை மடியில் வைத்து, வாழையிலையை ஒருமுறை நனைத்து மூடிவிட்டால் போதும். பிற்பகல் 3 மணிக்குத் தொட்டியத்தில் பிரிக்கும்போது கதம்பம் வாடியிருக்காது.