செட்டியார் விட்டுச் சென்ற இடம்

ஆண்டுதோறும் மே மாதம் முடியும் சமயத்தில் கல்லூரிகளில் பணி நிறைவு விழாக்கள் நடக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் நடத்திய பேராசிரியருக்கு மாலை போடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். பழைய மாணவர்கள் வெளியூர்களிலிருந்து வந்து நிற்பார்கள். அந்த விழாக்களை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மறுநாள் காலையில் அந்த வகுப்பை யார் எடுக்கப் போகிறார்கள் என்ற கேள்விக்குத்தான் பல கல்லூரிகளில் விடை இருப்பதில்லை.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் அதற்கு விடை இருந்தது. அங்கே தமிழாசிரியராக இருந்தவர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். கண்டிப்புக்கும் புலமைக்கும் பெயர் போனவர். ஓய்வு பெறும் நேரம் வந்ததும், தம் இடத்துக்கு யார் வரவேண்டும் என்று அவரே தேடினார். தம் ஆசிரியரிடமே படித்த ஓர் இளைஞர் அவர் நினைவுக்கு வந்தார். அந்த இளைஞரான உ.வே. சாமிநாதையருக்கு அப்போது வயது ஏறக்குறைய 25. திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகருக்கோ அவரை அனுப்ப மனமில்லை. செட்டியார் அவரிடம் நேரில் போய்க் கேட்டார். கல்லூரித் தலைவர் கோபாலராவிடமும் தாமே பேசினார். பிப்ரவரியில் சாமிநாதையர் வேலையில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 50 ரூபாய்.

அதே ஆண்டு அக்டோபரில், அரியலூரிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணம் வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கல்லூரித் தமிழாசிரியரான சாமிநாதையர் பார்க்கப் போகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்ற முதலியாரின் கேள்வி அங்கேதான் எழுந்தது. அதன் பிறகு சாமிநாதையர் பதிப்பித்தவை நமக்குத் தெரியும்: 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. செட்டியார் அந்த இடத்தை யாருக்கோ விட்டுவிட்டுப் போயிருந்தால் அந்தச் சந்திப்பு நடந்திருக்குமா? ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்ற விதம், தமிழ் இலக்கியத்தின் போக்கையே மாற்றியிருக்கிறது.

ஆசிரியரின் இடத்தைப் பற்றிப் பேசும்போது, காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உத்திரமேரூர் வட்டத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊர் அது. அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டுக்குரியது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைச் சொல்வதால் மருத்துவர்கள் அதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். மொழி ஆசிரியர்கள் அதே ஆர்வத்தோடு படிக்கவேண்டிய பகுதியும் அதில் உண்டு. சனநாத மண்டபத்தில் நடந்த பள்ளியில் வேதங்களோடு வியாகரணமும், அதாவது வடமொழி இலக்கணமும் கற்பித்தார்கள். ஆசிரியர்களுக்கு நெல்லும் காசும், மாணவர்களுக்குச் சாப்பாடும் படுக்கப் பாயும் சனிக்கிழமை தலைமுழுக்குக்கு எண்ணெயும் இரவில் விளக்கும் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டு வெட்டியிருக்கிறார்கள். அன்று அந்தப் படிப்பு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஏற்பாட்டின் அடிப்படையைக் கவனியுங்கள். நெல் ஒதுக்கியது இலக்கணம் சொல்பவர் என்ற பதவிக்கு. ஒருவர் ஓய்ந்தால் அடுத்தவர் வந்து உட்காரும்படி கல்லில் எழுதியிருக்கிறது.

இன்று நம் அரசுக் கல்லூரிகள் பலவற்றில் ஓய்வு பெற்றவர்களின் இடங்களில் கௌரவ விரிவுரையாளர்கள் நிற்கிறார்கள். நிரந்தரம் இல்லை, சம்பளம் குறைவு. அவர்களில் நல்ல புலமை உடையவர்களை நான் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தை முறையாக நிரப்பும் ஆணையை விழா மேடையிலேயே படித்தால், விடைபெறும் ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய பொன்னாடை வேறில்லை.

சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக இருந்தார். பெருங்கதையை 1924இலும் குறுந்தொகையை 1937இலும் வெளியிட்டார். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார். 1940இல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 85ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 1942இல் அவர் மறைந்தபோது அந்தச் சரித்திரம் மணிமேகலைப் பதிப்பின் காலத்தோடு நின்றிருந்தது. தாம் ஓய்வு பெற்றதைப் பற்றி எழுதும் இடம் வரை அவர் வரவில்லை. செட்டியார் ஓய்வு பெற்றதைத்தான் நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறார்.