தாள் யார் கையில்?
வெளிமாநிலத் தொழிலாளரும் முதலாளியின் கடமையும்



அழகர்கோவில் வட்டாரத்தில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம். கொடுக்கல் வாங்கலில் தகராறு என்றால் பதினெட்டாம்படிக் கருப்பணசாமி முன்னால் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்கிற வழக்கம் இங்கே உண்டு. ஆனால் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ மதுரைக்கு வந்து கம்பி கட்டுகிறவருக்கு இந்தச் சாமியைத் தெரியாது. ஊரில் வைத்து மேஸ்திரி சொன்ன சம்பளத்துக்குச் சாட்சி சொல்லவும் ஆள் கிடையாது. அவருக்கு முதலாளி செய்யவேண்டிய முதல் கடமை, பேசியதை எழுதிக் கொடுப்பது என்பேன்.

எழுத்து ஆளைக் கட்டிப்போடவும் செய்யும். அதை அனுபவித்தவர்கள் நம்மவர்களே. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து நம் சனங்களை இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போனார்கள். வழிச்செலவும் அரிசியும் கடன் கணக்கில் ஏறின. வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தோட்டத்தில் எழுதித் தரும் சீட்டு அது. புதிய துரை பணத்தைக் கட்டுவார். அதே கடன் புதிய கணக்கில் ஏறும். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

ஒடிசாவில் சர்தார் எனப்படும் தரகர்கள் திரட்டிக்கொண்டுபோன 'தாதன்' தொழிலாளர்களின் துயரம் நம் நாட்டில் 1979ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. வெளிமாநிலத்தார் ஐந்து பேர் இருந்தாலே அது பொருந்தியது. புகைப்படம் ஒட்டிய பாஸ்புக்கைத் தொழிலாளியின் மொழியிலும் எழுதித் தரவேண்டியிருந்தது; வேலைக்காலம், கூலி, பிடித்தம், ஊர் திரும்பும் செலவு எல்லாம் அதில் இருக்கவேண்டியிருந்தது. உள்ளூர்க்காரருக்குச் சமமான கூலி, தங்குமிடம், மருத்துவம் ஆகியவையும் கடமைகளாகவே இருந்தன. நான் பெரிதாக மதிப்பது அதன் கடன் பிரிவை. வேலைக்காலம் முடியும்போது ஒப்பந்தக்காரரிடமோ முதலாளியிடமோ வாங்கிய கடனில் பாக்கி நின்றால், அது அன்றோடு தீர்ந்ததாகவே கொள்ளப்படும். துண்டுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

இன்னொரு கடமை, வேலையிடத்தில் சாவு நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் குடும்பத்துக்கும் தெரிவிப்பது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் பலர். உள்ளே இருந்தவர் யார், எந்த ஊர் என்று சொல்ல ஒரு பதிவேடு இல்லாவிட்டால் தாய்க்கு யார் செய்தி அனுப்புவது?

2025 நவம்பர் 21 முதல் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. தானாக வேலை தேடி வந்தவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. பணிநியமனக் கடிதம் கட்டாயம். கடன் பிரிவும் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆனால் ஐந்து என்ற எண்ணிக்கை பத்தானது எனக்குச் சம்மதமில்லை. ஏழெட்டு ஆட்களை வைத்து வேலை நடக்கும் சிறிய பட்டறையில் இருப்பவருக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை. பழைய சட்டத்தில் இருந்த இடப்பெயர்வுப் படியையும் கைவிட்டிருக்கக் கூடாது.

எண்ணிக்கை பாராமல் எல்லோருக்கும் உரியது ஊதியச் சட்டம். குறைந்தபட்சக் கூலி எவருக்கும் உண்டு. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம், அதற்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. வேலையை விட்டு நிற்பவருக்கு இரண்டு வேலைநாளுக்குள் கணக்கு முடிக்கவேண்டும்.

கட்டடம் எழுப்புகிறவர்களும் ஆலை நடத்துகிறவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராமல் போனால் நீங்கள் கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலிக்க வேண்டும் என்பதே சட்டம். 'மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன்' என்ற பதில் செல்லாது. அடுத்த தவணையை அவர் கையில் கொடுக்குமுன் ஆள்பட்டியலைக் கேளுங்கள். ஒடியாவிலோ இந்தியிலோ ஒரு பக்கத் தாள் அச்சடிக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். நாள்கூலி, மிகைநேரக் கூலி, பிடித்தம், உங்கள் பெயர், உங்கள் தொலைபேசி எண் இவ்வளவும் அதில் இருக்கட்டும். கையெழுத்திட்டு ஒவ்வொருவரிடமும் நீங்களே கொடுங்கள்.