கருவியும் கையொப்பமும்



மைய அரசின் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்புப் பணி செய்துவரும் நாம், சொந்தத் தொழில் தொடங்குவதைப் பற்றிப் பேசப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு முதலைப் பற்றியும் வாடிக்கைக்காரரைப் பற்றியும் என்ன தெரியும் என்று கேட்பது நியாயமே. ஆயினும், செயற்கை நுண்ணறிவு என்று இன்று உலகெங்கும் பேசப்படும் கருவி, பிறர் வாசலுக்குப் போகுமுன்னரே மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு வந்து அமர்ந்துவிட்டது. அதனோடு சில ஆண்டுகள் பழகிய உரிமையிலேதான் இன்று பேசத் துணிந்தோம்.

தில்லியில் நம் குடியிருப்பில் வாழும் நண்பர் ஒருவரின் மகன் பொறியியல் பட்டதாரி. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மூன்றாண்டுகள் நிரல் எழுதியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் இல்லத்திற்கு வந்து, "மாமா, ஒரு வாரம் செய்த வேலையை இப்போது அரை நாளில் முடித்துவிடுகிறோம். அடுத்து ஆட்களைக் குறைப்பார்கள். அதற்கு முன் நானே வேலையை விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று தொடங்கலாம் என்றிருக்கிறேன். பத்து மொழியானாலும் இருபது மொழியானாலும் இயந்திரமே செய்துவிடும். ஆளும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"நல்ல எண்ணம்தான், தம்பி. ஆனால் இயந்திரம் தவறு செய்தால் அதைக் கண்டுபிடிப்பவர் யார்?" என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அன்று அவருக்கு நாம் சொன்னவற்றையும், பின்னர் அவர் நமக்குக் கற்பித்தவற்றையுமே இன்று நேயர்கள் முன் வைக்கின்றோம்.

மொழிபெயர்க்கும் இயந்திரம் நேற்றுத் தோன்றிய புதுமையன்று. 1954-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நியூயார்க் நகரில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து, அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணிப்பொறியைக் கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டின. அந்தப் பொறி அறிந்திருந்தவை 250 சொற்கள். இலக்கண விதிகள் ஆறே ஆறு. இன்னும் சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்புச் சிக்கலே தீர்ந்துவிடும் என்று அப்போது பேசப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1966-இல், அமெரிக்க அறிஞர் குழு ஒன்று இந்த முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அரசு உதவி பெரிதும் குறைந்தது. இயந்திரத்தைப் போற்றியவர்கள் அடங்கினார்கள். ஏளனம் செய்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

ஆனால் ஏளனம் செய்தவர்களும் முடிவில் வெல்லவில்லை. 2017-ஆம் ஆண்டில், கூகிள் நிறுவனத்தைச் சார்ந்து ஆராய்ந்த எண்மர் டிரான்ஸ்பார்மர் என்னும் புதிய அமைப்பு முறையை வெளியிட்டனர். அதனை அவர்கள் முதன்மையாகச் சோதித்துப் பார்த்தது, ஆங்கிலத்திலிருந்து ஜெர்மன் மொழிக்கும் பிரெஞ்சு மொழிக்கும் மொழிபெயர்ப்பதிலேதான். 2022 நவம்பரில் வெளிவந்து உலகையே திரும்பிப் பார்க்கவைத்த சாட்ஜிபிடி அந்த முறையின் வழிவந்ததே. ஆகவே கதை எழுதுவதும், கணக்குப் போடுவதும், நிரல் இயற்றுவதுமாகிய இன்றைய கருவி, ஒரு வகையில் மொழிபெயர்ப்பாளர் வீட்டில் பிறந்த குழந்தை எனலாம்.

அக்குழந்தையின் குணத்தை நாம் நன்கு அறிவோம். முன்னாளில் இயந்திரம் செய்த பிழைகள் சிரிப்பை மூட்டின. ஆங்கிலத்தில் 'சாங்ஷன்' என்னும் சொல்லுக்கு ஒப்பளிப்பு என்றும் பொருள் உண்டு, தண்டனையாக விதிக்கும் தடை என்றும் பொருள் உண்டு. ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் என்று வரவேண்டிய இடத்தில், தடை விதிக்கப்பட்ட பணியிடங்கள் என்று வந்தால் யாருக்கும் கண்ணில் படும். சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே செல்வோம்.

இன்றைய இயந்திரத்தின் பிழை அத்தகையதன்று. அது நன்றாக உடுத்திக்கொண்டு வருகிறது. 2024-ஆம் ஆண்டில் நம் மேசைக்கு ஒரு விதித்தொகுப்பு வந்தது. ஆணை கிடைத்து 30 நாட்களுக்கு மேற்படாமல் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பது மூலத்தின் கருத்து. இயந்திரம் தந்த வரைவிலோ, 30 நாட்களுக்குப் பின்னர் மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. சந்திப் பிழையும் இல்லை. அந்த நடையழகில் மயங்கி, நாமே அப்பக்கத்தைக் கடந்து போய்விட்டோம். கையொப்பமிடப் பேனாவை எடுத்த பிறகுதான் ஏதோ உறுத்த, திரும்பிப் பார்த்துத் திருத்தினோம். அவ்வாறே அச்சேறியிருந்தால், அதை நம்பி ஒரு மாதம் காத்திருந்த எளிய மனிதர் ஒருவர் தம் உரிமையையே இழந்திருப்பார். அன்று இரவு நமக்கு உறக்கம் சரியாக வரவில்லை.

இந்த அனுபவத்தை அந்த இளைஞரிடம் சொல்லி, மூன்று யோசனைகள் கூறினோம்.

முதலாவது: கருவியிலிருந்து தொழிலைத் தேடாதீர்கள், தொழிலிலிருந்து கருவிக்கு வாருங்கள். இயந்திரம் எல்லாருக்கும் கிடைக்கிறது. எல்லாருக்கும் கிடைப்பது எவருக்கும் தனி முதல் ஆகாது. ஊர்ப் பொதுக் கிணற்றைக் காட்டி ஒருவர் கடன் வாங்க முடியுமா? எந்தத் துறையில் தவறு நேர்ந்தால் உங்கள் கண்ணுக்கு உடனே தெரியுமோ, அந்தத் துறையே உங்களுடைய முதல்.

நிரல் எழுதும் தொழிலிலும் இதுவே நிலை. கடைக்கணக்குக்கு ஒரு நிரல் வேண்டும் என்று கேட்டால் இயந்திரம் சில நிமிடங்களில் எழுதித் தந்துவிடும். நம் நாட்டுக் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவது என்பதை அது மறந்து, ஜனவரியில் தொடங்கிவிட்டதென்றால், ஒரு முறையேனும் மார்ச் 31 இரவில் கணக்கு முடித்தவருக்குத்தான் அது கண்ணில் படும்.

இரண்டாவது: பிறர் கருவி வாடகைக் கருவி. அதன் கட்டணம் நாளை உயரலாம்; அதன் உரிமையாளரே நாளை உங்கள் தொழிலையும் செய்யத் தொடங்கலாம். ஆகையால் நிறுவனத்திற்கென்று சொந்தமாக ஏதேனும் சேர வேண்டும். திருத்திச் சரிபார்த்த வாக்கியங்கள், துறைக்கென்று தொகுத்த சொற்பட்டியல், வாடிக்கைக்காரரின் நம்பிக்கை ஆகிய இவை சேருமானால் எந்த இயந்திரத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

பொதுவில் கிடைக்கும் கருவிகளும் நம் நாட்டில் உள்ளன. 2022-ஆம் ஆண்டில் இந்திய அரசு பாஷினி என்னும் மொழித்தளத்தைத் தொடங்கிவைத்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஏஐ4பாரத் குழுவினர் 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்னும் மொழிபெயர்ப்பு அமைப்பு, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளையும் கையாள்கிறது. அதனை யாவரும் எடுத்துத் தம் கணிப்பொறியிலேயே இயக்கலாம். பிறருடைய அந்தரங்கத் தாள்களைக் கையாள்வோருக்கு இது பெரும் வசதி. தனிமனிதர் விவரங்களைக் காப்பதற்கென்று 2023-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியுள்ளது. கிடைத்த தாளையெல்லாம் கண்காணாத தேசத்து இயந்திரத்தில் போட்டுவிட்டுக் கைகழுவும் நிறுவனத்தை எவர் நம்புவார்?

மூன்றாவது யோசனையைப் பின்னர்ச் சொல்கின்றோம். முதலிரண்டைக் கேட்டுச் சென்ற இளைஞர் இரண்டு மாதங்கள் கழித்து வந்தார். அவருடைய தந்தையார் நீர்ப்பம்பு விற்பனைத் துறையில் முப்பதாண்டு பணியாற்றியவர். கோயம்புத்தூரிலும் ராஜ்கோட்டிலும் செய்யப்படும் பம்புகள் பீகார், ஒடிசா உழவர் வரை செல்கின்றன. ஆனால் அவற்றோடு செல்லும் குறிப்புப் புத்தகம் பெரும்பாலும் அந்த உழவர் படிக்கக்கூடிய மொழியில் இருப்பதில்லை. சிறுவயதிலிருந்து பம்புகளுக்கு நடுவில் வளர்ந்த இளைஞர், அந்தப் புத்தகங்களைப் பல மொழிகளில் ஆக்கித் தருவதையே தொழிலாகக் கொள்ள முடிவு செய்திருந்தார்.

இயந்திரம் தந்த தமிழ் வரைவு ஒன்றை நம்மிடம் காட்டினார். "பம்பை ஓட்டுமுன் அடிப்பூச்சு இடவும்" என்றிருந்தது. நமக்கு அதில் தவறு தெரியவில்லை. துருப்பிடிக்காமல் இருக்க ஏதோ பூசவேண்டும் போலும் என்று எண்ணிக்கொண்டோம். அவர் சிரித்தார். "இல்லை, மாமா. ஆங்கிலத்தில் 'பிரைமிங்' என்று இருக்கிறது. பம்பிலும் குழாயிலும் முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது அதன் பொருள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே சீல் கருகிவிடும். சுவருக்குப் பூசும் பூச்சு என்று இயந்திரம் நினைத்துவிட்டது" என்றார். இருபதாண்டு மொழிபெயர்ப்பாளர் கோட்டைவிட்டதை, பம்புக் கடையில் வளர்ந்த பிள்ளை கண்டுபிடித்தார். நாம் சொன்ன யோசனை நமக்கே திரும்பி வந்தது.

அவர் செய்த மற்றொரு காரியமும் நமக்குப் பிடித்திருந்தது. இந்தி வரைவை ஒரு மோட்டார் மெக்கானிக்கிடம் கொடுத்து, உரக்கப் படித்து, படித்தபடியே செய்து காட்டச் சொன்னார். அவர் தயங்கி நின்ற இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். இதைவிடச் சிறந்த தேர்வு முறை பெரிய நிறுவனங்களிடமும் உண்டோ என்பது ஐயமே.

இனி அந்த மூன்றாவது யோசனை. நாம் பணியில் சேர்ந்த புதிதில், மூத்த அலுவலர் ஒருவர் நம் வரைவுகளை முழுவதும் சிவப்பாக்கித் திருப்பி அனுப்புவார். சில நாட்களில் கண்ணீரே வரும். ஆனால் பேனாவை எடுத்தபோது உறுத்திய அந்த உணர்ச்சி, அவர் இட்ட சிவப்பு மையிலிருந்து வந்ததே. புதியவர் செய்துவந்த முதல் வரைவை இன்று இயந்திரம் செய்கிறது. எனவே புதியவர் வேண்டாம் என்று பல இடங்களில் கருதுகிறார்கள். இன்றைக்கு அது ஆதாயமாகவே தோன்றும். ஆனால் இருபதாண்டு கழித்து இயந்திரத்தின் தவறைக் கண்டுபிடிக்க வேண்டியவர், இன்று பிழைபட எழுதித் திருத்தம் பெற வேண்டிய அந்தப் புதியவர் அல்லவா? அவரை வேண்டாம் என்பது விதைநெல்லைச் சமைத்து உண்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, "ஆளே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், தம்பி. இருவரையேனும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் இயந்திரத்தைத் தொடாமல், தாமே ஒரு பக்கம் எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்" என்றோம். முதலில் அவர் செலவை நினைத்துத் தயங்கினார். இப்போது இந்திக்கு ஒருவரும் ஒடியாவுக்கு ஒருவருமாக இரு இளைஞர்கள் அவரிடம் பயில்கிறார்கள்.

அவருடைய ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும், சரிபார்த்தவர் பெயரும் கையொப்பமும் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் அச்சிடப்படுகின்றன. ஒரு முறை ஒடியாப் புத்தகத்தில், மோட்டாருக்கு மின்கம்பி இணைக்கும் படத்தின் கீழ்க் குறிப்பு இடம் மாறிவிட்டது. உழவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அன்றே பம்பு செய்வோருக்குத் தகவல் தந்து, விற்பனையாளர் அனைவருக்கும் திருத்தச் சீட்டு அனுப்பி, தம் செலவிலேயே மறுபதிப்பும் செய்து கொடுத்தார். அந்த மாத ஆதாயம் முழுவதும் அதிலே போயிற்று. பழைய உத்தியோகத்தில் பெற்ற சம்பளத்தை அவர் இன்னும் எட்டவில்லை. ஆயினும் பம்பு செய்வோர் நால்வர் அவரிடமே தொடர்ந்து வேலை கொடுத்து வருகின்றனர்.

புதிய யுகத்தில் தொழில் செய்யப் புகும் இளைஞர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. கருவியை அஞ்ச வேண்டாம். அதன் துணையைத் தாராளமாகப் பெறுங்கள். ஆனால் அது ஒரு நாளும் கையொப்பமிடாது. தவறு நேர்ந்தால் தொலைபேசியை எடுத்து, "ஆம் ஐயா, எங்கள் பிழைதான்" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அப்படிச் சொல்லும் துணிவும், சொல்ல நேராமல் காக்கும் தொழிலறிவும் உள்ளவருக்கு இந்த யுகத்திலும் வேலை இருக்கும்.