என் தாத்தா பால்மரம் வெட்டியவர்

இன்று சான்றிதழ் வாங்கும் தம்பி தங்கைகளே!

ஏர்கோன், வயரிங், வெல்டிங், வாகனப் பழுது என்று படித்து முடித்திருக்கிறீர்கள். பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர் யாராவது கோடீஸ்வரர் கதையைத்தான் எடுப்பார் என்று நினைத்திருப்பீர்கள். நான் என் தாத்தாவைப் பற்றிப் பேச வந்தேன். ஜொகூரில் ஒரு தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கப் பால்மரம் வெட்டியவர். ஆபீஸ் பதிவேட்டில் அவர் வெறும் கூலி. என் கணக்கில் எங்கள் குடும்பத்தின் முதல் தொழில்நுட்பக்காரர் அவர்தான்.

காரணம் சொல்கிறேன். ரப்பர் மரத்தில் பால் ஓடும் நாளங்கள் உட்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, புதுப்பட்டையை வளர்க்கிற மெல்லிய படலம். ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் பட்டையை மிச்சம் விட்டு உளி நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் அதிகம் வராது. கூடினால் மரம் காயப்பட்டு முண்டும் முடிச்சுமாகிவிடும், அந்த இடத்தில் மறுபடி உளி வைக்க முடியாது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும். நாளங்கள் சற்றே சாய்ந்து ஏறுவதால், அப்படிச் சீவினால்தான் நிறைய நாளங்கள் அறுபடும். இத்தனையும் விடியுமுன், தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஓர் ஆளின் நிரைக்கு 500 மரம் அளவில். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் இறங்கிப் பால் குறைந்துபோகும். தாத்தா இந்த விஞ்ஞானமெல்லாம் பேசியதில்லை. "வெயிலுக்கு முந்தி மரத்துக்கிட்ட போயிரணும்" என்பதோடு சரி.

இந்த முறையைக் கண்டவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. மரத்தைச் சாகடிக்காமல், ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லச் சீவிப் பால் எடுக்கலாம் என்று 1890களில் காட்டினார். பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொன்னதால் அவரைக் கிறுக்கு ரிட்லி என்றார்கள். மனிதர் நூறு வயது கண்டு 1956இல்தான் காலமானார். அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது; இருக்க வேண்டிய பெயர்தான். மலாயாத் தோட்டங்களில் அந்த வித்தையை மரம் மரமாகச் செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் பெயர் சம்பளப் புத்தகத்தோடு போய்விட்டது.

தாத்தா சாயங்காலம் உளியைத் தீட்டுவார். அதை யாருக்கும் இரவல் தரமாட்டார், பாட்டிக்குக்கூட. பாட்டியும் மரம் வெட்டியவர்தான். அவருடைய உளி தனி. பட்டையைப் பார்த்தே இது இன்னார் வெட்டிய மரம் என்று தாத்தா சொல்லிவிடுவார். புதுசாக வேலைக்கு வருகிறவர்களைக் கங்காணி அவரிடம்தான் அனுப்புவார். பாலின் எடை கூடினால் காசும் கூடும், ஆழமாக இழுத்தால் அன்றைக்குப் பால் பிடிக்கும் மங்கு நிறையும். ஆனால் தாத்தா இழுக்கமாட்டார். "இன்னைக்கு நான் காயப்படுத்துனா, பட்டை வளந்தப்புறம் வெட்ட வர்றவன் என்னத்தான் ஏசுவான்" என்பார். முகம் தெரியாத அந்த ஆளுக்காகத் தன் கூலியில் சில காசை விட்டுக்கொடுத்தவர். நாளை நீங்கள் சுவருக்குள் மறைக்கப்போகும் வயரையும் பல வருஷம் கழித்து ஒருவன் பிரித்துப் பார்ப்பான்.

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ஜொகூரின் மவுண்ட் ஆஸ்டின் என்றால் உங்களுக்குச் சாப்பாட்டுக்கடைகள்தான் ஞாபகம் வரும். அது ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர். வேலையை விட்டு இறங்கியபோது, இவருக்கு இந்தத் தொழில் தெரியும் என்று தாத்தாவுக்கு யாரும் ஒரு காகிதம் எழுதிக் கொடுக்கவில்லை.

உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பெற இன்னொரு வழியும் இருக்கிறது. வகுப்புக்கே போகாமல் தொழிலிலேயே தேறியவர்கள், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறினால், அதே மலேசியத் திறன் சான்றிதழைப் பெறலாம். பிபிடி என்று பெயர். திறன் மேம்பாட்டுத் துறை நடத்துகிறது. பட்டறையிலும் கட்டுமான இடத்திலும் காலம் கழித்த அப்பாவோ மாமாவோ உங்கள் வீட்டில் இருப்பார். விண்ணப்பப் பாரத்தைப் பார்த்தாலே அவர் ஒதுங்கிப்போவார். அடுத்த வாரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் செய்த வேலைகளைப் படம் எடுங்கள், பாரத்தை நீங்களே நிரப்புங்கள், கையெழுத்தை மட்டும் அவரைப் போடச் சொல்லுங்கள்.