ரேஷன் கடை வரிசையில் மூன்று மனசு



டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டருக்குக் கொஞ்ச தூரம் டிமிக்கி கொடுத்தால் அரை கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை தொடங்கும்போது பிள்ளையின் மனசுக்குள் ஓடுகிற கணக்கு இது. அதை ஒட்டுக்கேட்டு, பக்கத்தில் நின்று லேசாகச் சிரிக்கிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் எல்லாம் அறிந்த கதைசொல்லி.

எழுதப் பழகுகிறவர்கள் சறுக்குவது அந்த 'எல்லாம்' என்ற சொல்லில்தான். ஒரு பயிலரங்கில் கொடுத்த பயிற்சி: ரேஷன் கடை வரிசை, ஒரே பக்கம், மூன்று பேர் மனசு. பாட்டிக்குக் கோபம், கடைக்காரருக்குச் சலிப்பு, பையனுக்குப் பயம் என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்து எழுதி வந்தார் ஒரு மாணவி. கேட்டவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் அவரே கைரேகை மெஷினை நடுவில் வைத்து எழுதினார். பாட்டி முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்துபோன விரல். அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. மெஷின் 'கீக்' என்கிறது. காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று கடைக்காரர் எண்ணுகிறார். அதே 'கீக்' பின்னால் நிற்கும் பையனுக்குப் பள்ளிக்கூட மணியை ஞாபகப்படுத்துகிறது. கவனித்தீர்களா, கதைசொல்லி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஆள் விட்டு ஆள் தாவிவிட்டார்! கடைசியில் ஒரு வரி: பாமாயில் முந்தின ஆளோடு தீர்ந்துவிட்டது, கடைக்காரரே இன்னும் பார்க்கவில்லை. வரிசையில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி.

டால்ஸ்டாய் நாயின் மனசைக்கூட விட்டுவைக்கவில்லை. 'அன்னா கரேனினா'வில் லெவினின் வேட்டை நாய் லாஸ்காவுக்குப் பறவை இருக்குமிடம் மோப்பத்தில் தெரிகிறது. எஜமானரோ வேறு இடத்தைக் காட்டுகிறார். அவர் மனம் கோணாமல் இருக்க, அங்கே தேடுவதுபோல் பாவனை பண்ணுகிறது அது.

தெரிந்தும் வாய் திறக்காத வித்தை கல்கியுடையது. 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னில் எங்கெங்கோ புகுந்து வருகிற கதைசொல்லி, கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் சாகும் நேரத்தில் விளக்கை அணைத்துவிடுகிறார். கொன்றது யார் என்று வாசகர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள்.

 இன்றைக்கே ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பீர்கள் என்று நம்பிக்கை. ரேஷன் கடை வேண்டாமென்றால் பஸ் நிறுத்தம் இருக்கிறது. வர வேண்டிய வண்டி வழியில் பிரேக்டவுன் ஆனது மட்டும் கதைசொல்லியோடு இருக்கட்டும்.