நீரின்மேல் மீன் பிடிப்போருக்கு ஏற்ற மடக்குக் கத்தி



குடியானவனுக்கு அரிவாளும் பனையேறிக்குப் பாளை அரிவாளும் எப்படியோ, அப்படியே பரிசலேறி மீன் பிடிப்பவனுக்கு இடுப்பில் ஒரு நல்ல கத்தி இன்றியமையாதது. கத்தி, குறடு, திருப்புளி, ரம்பம் முதலியன ஒன்றாக மடங்கிய கருவிகள் கடைகளில் பலவாறாக விற்கின்றன. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே ஈண்டு ஆராயத்தக்க விஷயமாகும்.

1891-ம் வருஷத்தில் கார்ல் எல்செனர் என்பவர் ஸ்விட்சர்லாந்து சேனைக்குச் செய்து கொடுத்த கத்தியில் அலகு, துளையூசி, டப்பா திறப்பான், திருப்புளி ஆகிய நான்கே இருந்தன. துப்பாக்கியைக் கழற்றவும், டப்பா உணவைத் திறக்கவும் அவை போதுமானவை. அமெரிக்கரான டிம் லெதர்மன் 1975-ல் பழைய மோட்டார் வண்டியில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, தம் கத்தியில் குறடு இல்லாத குறையை உணர்ந்தார். அவர் அமைத்த குறட்டுக் கருவி 1983-ல் விற்பனைக்கு வந்தது. இருவரும் வேலையை முதலில் நினைத்தார்கள். கருவி பின்னர் வந்தது. வாங்குவோரும் அவ்வாறே நினைத்தல் வேண்டும்.

நீரின்மேல் நேரும் ஆபத்து யாது? முற்காலத்துப் பருத்தி நூல் வலை நாளடைவில் இற்றுப்போகும். இக்காலத்து நைலான் வலையோ எளிதில் இறாது, இழுத்தாலும் அறாது. கல் கட்டிய வலைக்கயிறு காலிற் சுற்றிக்கொண்டால், ஆளையும் உடன் இழுத்துச் செல்லும். பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு முதலிய மலையடிவாரத்து அணைகளாயினும், வேறெந்த நீர்த்தேக்கமாயினும், அந்நேரத்தில் ஒரு கை பரிசலைப் பற்றியிருக்கும். மற்றொரு கையே கத்திக்கு உண்டு.

ஆகையால் முதற் குணம், ஒரு கையாலேயே திறக்கக் கூடியதாயிருத்தல். மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரையின் முயற்சியால் 1863-ல் உண்டான கோடைக்கானல் ஏரி ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ளது. அங்கே விடியற்காலைக் குளிரில் விரல்கள் மரத்துப்போகும். நகத்தால் நெம்பித் திறக்கும் கத்தி அவ்வேளையில் இருந்தும் இல்லாததே.

இரண்டாவது, திறந்த அலகு தானே மடங்கி விரலை வெட்டாதபடி பூட்டு இருத்தல். மூன்றாவது, கயிற்றை அறுக்க அலகில் ஒரு பகுதியேனும் பல்வெட்டு உடையதாயிருத்தல். நான்காவது, மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுக்கவும், முள்ளின் கம்பியைத் துண்டிக்கவும் தக்க மெல்லிய மூக்குடைய குறடு. முள் மனிதர் கையிலேயே ஆழத் தைத்துவிட்டால், பின்னோக்கி இழுத்துச் சதையைக் கிழிக்கலாகாது. நூலை மட்டும் அறுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்வதே விவேகம்.

ஐந்தாவது, துருப்பிடியாத எஃகாதல். இதில் நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் குரோமியம் கலந்திருக்கும். சாதாரண எஃகு எளிதில் கூர் கொள்ளுமாயினும், ஈரத்தால் துருவேறிக் கீல்கள் இறுகிவிடும். ஆறாவது, கயிறு கோக்க வளையம் இருத்தல். அக்கயிற்றை இடுப்பிற் கட்டுக. கழுத்தில் மாட்டினால் அதுவே சுருக்காகும்.

கரண்டியும் கத்தரிக்கோலும் உருப்பெருக்கியும் சேர்ந்த பருத்த கருவி பார்வைக்கு அழகு. ஆனால் மடியில் கனம், அவசரத்தில் குழப்பம். மீனை அரிந்து சுத்தம் செய்யவும் அதனை உபயோகித்தல் தகாது. செதிலும் கொழுப்பும் கீல்களில் அடைத்துக்கொள்ளும். அதற்கு வேறு கத்தி உண்டு.

தனித்தனியே வாங்குவதைக் காட்டிலும், சங்கத்தின் மூலம் சேர்ந்து வாங்கினால் விலையிலும் நயம் கேட்கலாம். ஆனால் பஞ்சாயத்தார் முதலில் ஒன்றை மாதிரிக்கு வாங்கிப் பரீட்சை செய்தல் வேண்டும். அங்கத்தினர் ஒருவர் கையைக் குளிர்ந்த நீரில் நனைத்து, கண்ணை மூடி, ஒரே கையால் அதனைத் திறந்து, தாம் உபயோகிக்கும் வலைக்கயிற்றையே அறுத்துப் பார்க்கட்டும். கரையில் தடுமாறும் கருவி நடுநீரில் உதவாது.

வீடு திரும்பியதும் நல்ல நீரில் கழுவித் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி இடுவது போதும். மிதவைச் சட்டைக்கு எந்தக் கத்தியும் ஈடாகாது. அதனை அணிந்தவன் இடுப்பிலேயே இதுவும் இருத்தல் வேண்டும். பெட்டியில் பூட்டி வைத்த கத்தி பிறர் கையிலுள்ள கத்தியே.