கட்டுத்தறிக் கற்கள் கூறும் சான்று

மன்னர் தம் பெயரைக் கல்லிற் பொறித்து வைப்பது, காலங்கடந்தும் அது சான்று பகரும் என்னும் நம்பிக்கையினாலாகும். ஆயின், எகிப்து நாட்டிலே பெயர் பொறித்த பெருங்கற்கள் அறிஞரை வழிதவறச் செய்ய, எழுத்தற்ற சிறு கற்கள் உண்மையைக் காத்து நின்றதுண்டு. அவை விலங்குகளைக் கட்டிய கட்டுத்தறிக் கற்கள்.

பண்டை எகிப்தியர் வெயிலில் உலர்த்திய செங்கல்லால் வீடும் அரண்மனையும் கட்டினர். விலங்குகளைப் பிணிப்பதற்கோ, துளையிட்ட சுண்ணாம்புக்கல்லைத் தரையிற் பதித்து, அத்துளையிற் கயிற்றைக் கோத்தனர். அமர்னாவில் அக்நாதன் காலத்து வட அரண்மனையில் கல்லாலான தீவனத் தொட்டிகளும் அகப்பட்டன. அவற்றின்மேல் மாடுகளும் மலையாடுகளும் செதுக்கப்பட்டிருந்தமையால், அங்கு நின்ற விலங்குகள் யாவை என்பதைச் சிற்பமே அறிவித்தது.

இரண்டாம் ராம்சேஸ் கி. மு. 1279 முதல் 1213 வரை ஆண்டவன். நைல் நதியின் கழிமுகத்தில் அவன் அமைத்த தலைநகர் பி-ராம்சேஸ். பிற்காலத்தில் ஆற்றின் கிளை தூர்ந்தது, நகரம் கைவிடப்பட்டது. அதன் சிலைகளும் தூண்களும் வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தானிஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1929ஆம் ஆண்டு முதல் அங்கு அகழ்ந்த பியர் மொந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர், ராம்சேஸின் பெயரைக் கண்டு, தானிஸே அவன் தலைநகர் எனக் கொண்டார். பெயர் மெய், இடமோ பொய்.

உண்மையான இடம் கான்ரீர் என்னும் சிற்றூரின் வயல்களின் கீழே கிடந்தது. 1980ஆம் ஆண்டு முதல் எட்கர் பூஷ் தலைமையில் ஜெர்மானியர் அங்கு அகழ்ந்தனர். அப்போது ஏறத்தாழ 17,000 சதுர மீற்றர் பரப்பில் பெருங்குதிரைப் பந்தி ஒன்று வெளிப்பட்டது. நீண்ட அறைகளின் தரையிலே கட்டுத்தறிக் கற்கள் பதித்தபடியே இருந்தன. 460க்கு மேற்பட்ட குதிரைகள் அங்கு நின்றிருக்கலாம் என அகழ்ந்தோர் மதிப்பிட்டனர். அந்நகரிலேயே தேர் செய்யும் பட்டறைகளும் வெண்கலக் கடிவாள உறுப்புகளும் கிடைத்தன. எகிப்தியத் தேர்ப்படையின் பெருந்தளம் ஒன்று அங்கிருந்தமை இவ்வாறு தெளிவாயிற்று.

சிலைகளை விரும்பிப் பெயர்த்துச் சென்றவர்கள், குதிரை கட்டிய கல்லை ஒரு பொருளாக மதிக்கவில்லை. அவ்வலட்சியமே வரலாற்றுக்கு உதவிற்று. இடம்பெயர்ந்த கல், தன்மேல் எழுதியதை மாத்திரமே சொல்லும். இருந்த இடத்திலேயே இருக்கும் கல், தன்னைச் சூழ்ந்து வாழ்ந்தவர் வாழ்வையும் சொல்லும். ஆதலினாலேயே அகழ்வாய்வாளர், ஒரு சிறு கல்லையும் அது கிடந்த இடத்தைக் குறித்துக்கொள்ளாது பெயர்ப்பதில்லை.